ரெமி உரக்கச் சொல்லும் வரி

எங்கள் தெருக் கத்தோலிக்கச் செபக்குழுவான அன்பியத்தில் முப்பத்திரண்டு வீடுகள். ஞாயிறு சாயந்தரம் நாலரை மணிக்கு வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். பைபிள் வாசிப்போம், ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வோம், கடைசியில் எழுந்து நின்று, இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரம் சொல்வோம். அது முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள். மந்திரம் சொல்லி முடிக்க இருபத்தைந்து விநாடி ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் அந்த இருபத்தைந்து விநாடிக்குள் இரண்டு பேரைக் கவனித்துவிடுவார்கள். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்ற இடம் வந்ததும் இசபெல்லா வாயை மூடிக்கொள்வாள். அதற்கு அடுத்து "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்ற இடத்தில் அவள் அண்ணன் ரெமிஜியுஸ் தொண்டை கிழியக் கத்துவான். மற்ற வரிகளையெல்லாம் முணுமுணுப்பான். இந்த ஒரு வரி மட்டும் தெருமுனை வரை கேட்கும். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிக்கும். நான் அவர்களை அதட்டுவதில்லை. அந்தக் கதை தெரிந்தால் அவர்களால் சிரிக்க முடியாது, தெரியாத வரைக்கும் சிரித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் அல்போன்சா. திரேஸ்புரத்தில் முப்பது வருஷமாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன், அதனால் எல்லோருக்கும் டீச்சர். அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு வாய் நீளம், ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் நடந்த கேட்டில் பாதி அந்த வாயால் வந்தது.

ரெமியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சங்கு குளிக்கிற குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு வள்ளத்தில் போனான். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பத்தொன்பது வயதில், வள்ளம் கட்டுகிற இடத்துக்காக ஒருவனோடு சண்டை போட்டு, அவன் காதை வெட்டுக்கத்தியால் அறுத்துவிட்டான். பைபிளில் இயேசுவைப் பிடிக்க வந்தவனுக்குப் பேதுரு வெட்டியது வலது காது, இவன் வெட்டியது இடது காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அப்போது தெருவில் கேலி பேசினார்கள். ஆனால் அந்தக் காதை ஒட்டவைக்க ஆண்டவர் பக்கத்தில் இல்லை. ரெமி பாளையங்கோட்டைச் சிறையில் பதினான்கு மாதம் இருந்தான். அவன் உள்ளே இருக்கும்போதே அவன் அம்மா செத்துப்போனாள். போலீஸ் காவலோடு வந்து மண் போட்டான்.

வெளியே வந்த அன்றைக்கே பனிமய மாதா கோயிலுக்குப் போய், வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலால் நடந்தான். இனிமேல் எந்த மனுஷன் மேலும் கை நீட்டமாட்டேன் என்று நேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அந்த நேர்ச்சையைக் காப்பாற்றினான். ஒருமுறை சந்தையில் ஒரு குடிகாரன் அவன் முகத்தில் காறித் துப்பினான். ரெமி சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜெயில் பறவை என்று அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அப்பாவும் போன பிறகு அவனுக்கு இருந்ததெல்லாம் தங்கச்சி இசபெல்லாதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவனும் அவன்தான். கிங்ஸ்டன் என்று பெயர். சங்கு எடுக்கக் கடலில் மூழ்குகிற நல்ல குளியாள். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற சங்கை மண்ணின் மேடு பார்த்தே கண்டுபிடிப்பான். ஆள் பார்க்க அழகு. சிரித்தால் கல்யாண வீட்டில் கிழவிகளும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே குளிக்கப் போகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவனுடைய மச்சானாக, பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள். சொத்து, பாகம் என்று அவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். மச்சானுக்கு அப்படி இல்லை. கயிற்றை விட்டால் அறுந்து போவது தன் தங்கச்சி தாலி. முத்துக் குளித்த காலத்தில் வந்த வழக்கம், இப்போது சங்குக்கும் நிற்கிறது. கயிற்றோடு இப்போது கம்ப்ரசரிலிருந்து காற்றுப் போகிற ஓஸும் சேர்ந்துகொண்டது. அதை மடங்காமல், முறுக்காமல், புரொப்பெல்லரில் சிக்காமல் மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவனின் மூச்சு அவன் உள்ளங்கையில் ஓடும். கல்யாணமான மறுவாரமே கிங்ஸ்டனுக்கு ரெமி ஓஸ் பிடித்தான்.

ஆறாவது மாதத்தில் கிங்ஸ்டன் இசபெல்லாவை அடிக்கத் தொடங்கினான்.

முதலில் கன்னத்தில். பிறகு பெல்டால். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குழம்பில் உப்பு கூடிப்போனது என்று கையை முறுக்கி உடைத்தான். மாவுக்கட்டோடு நள்ளிரவுப் பூசைக்கு வந்தாள். கேட்டவர்களிடம் குசினியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். குளியாள் கை எப்படி இருக்கும் என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். சங்கை மண்ணிலிருந்து பிடுங்கி எடுக்கிற கை. அது பெண்பிள்ளையின் முகத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அந்த வருஷம் கோயிலிலிருந்து அன்பியங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பரலோக மந்திரத்தை வரிவரியாகப் பிரித்து, வாரம் ஒரு வரிக்குப் பொருள் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அதைச் சொன்னது நான். அன்றாட உணவு என்ற வரிக்கு நான் பேசியதைக் கேட்டு இரண்டு பெண்கள் அழுதார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மன்னிக்கிற வரிக்கு உரிய வாரம் வந்தபோது, முறைப்படி கூட்டம் இசபெல்லா வீட்டில்.

அவள் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு எங்களுக்குப் பாய் விரித்தாள். கிங்ஸ்டன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவள் என் காதில் சொன்னாள்.

நான் பேசினேன். நாம் எந்த அளவுக்கு மன்னிக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் கடவுள் நம்மை மன்னிப்பார் என்றேன். எழுபது தடவை ஏழு முறை என்றேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது என்னை அடித்ததையும் நான் பொறுத்ததையும் எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு இசபெல்லாவை எழுப்பி, அவள் கையைப் பிடித்துக் கிங்ஸ்டன் கையில் வைத்தேன்.

"சொல்லுளா. எல்லார் முன்னாலயும் சொல்லு. மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிறகு சொன்னாள். பெண்கள் கைதட்டினார்கள். கிங்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

வாசலில் நின்ற ரெமி கேட்டான்: "டீச்சர், அவன் இன்னும் மன்னிப்பே கேக்கலயே?"

"ஏலே, காதறுத்த பய எனக்கு வேதம் சொல்லித் தாரியா? உக்காரு," என்றேன்.

அவன் உட்காரவில்லை. வெளியே போய்விட்டான்.

இப்போது யோசித்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு நான் கடவுளுக்காகப் பேசவில்லை. நான் இருபத்திரண்டு வருஷம் வாங்கிய அடிக்கு ஓர் அர்த்தம் வேண்டியிருந்தது. நான் பொறுத்தேன், நீயும் பொறு, நீ தப்பித்துவிட்டால் நான் பொறுத்ததெல்லாம் முட்டாள்தனமாகிவிடும். என் மனதில் அதுதான் இருந்தது. அது தெரிய எனக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வாரத்துக்கு விலை கொடுத்தவள் இசபெல்லா.

பதினோரு நாள் கழித்து, மத்தியானம் சோறு ஆறிப்போயிருந்தது என்று கிங்ஸ்டன் அவளைக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான். ஒரு மிதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எண்ணியிருக்கிறாள், நான்கு. மிதிக்கும்போது அவன் சொன்னதையும் அவள் கேட்டிருக்கிறாள்: "நீதான் மன்னிச்சுட்டேன்னு சொன்னல்லா, இதையும் மன்னி." வாசல் வரைக்கும் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்து ஒரு எனாமல் தட்டில் வைத்திருந்தார்கள். ஆண் பிள்ளை. ரெமி அதைப் பார்த்துவிட்டு, தங்கச்சி பக்கத்தில் விடியும் வரைக்கும் நின்றிருக்கிறான். அவள் மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது.

மறுநாள் காலையில் கிங்ஸ்டன் கடலுக்குப் புறப்பட்டான். ரெமியைக் கூப்பிட்டனுப்பினான். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், ரெமியின் நேர்ச்சை ஊருக்கே தெரியும். கை நீட்டமாட்டான். அதோடு அவன் மச்சான், தாலிக்குப் பயந்தவன். ரெமி போய் வள்ளத்தில் ஏறினான். இஞ்சின் பார்க்கிற மந்திரமூர்த்தி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாமே" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேருமே கேட்கவில்லை.

கடலில் நடந்ததை ரெமி என்னிடம் சொன்னது நான்கு நாள் கழித்து. அவன் கரைக்கு வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், இசபெல்லாவை ஆட்டோவில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். பெரியவர்கள் சிலர் என்னிடம் வந்து, நீங்கள்தான் பேசிச் சேர்த்துவைக்க வேண்டும் என்றார்கள். எனக்குப் புத்தி வரவில்லை, போனேன். பைபிளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே கட்டிலில் இசபெல்லா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரெமி முற்றத்தில் இருந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். நான் பேச்சை ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுட்டு நீங்க பேசுங்க. அன்னைக்கு அவன் எறங்கி கொஞ்ச நேரத்துல, நான் ஓஸ மடக்கிப் புடிச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் வலது கையைக் காட்டி, விரல்களை இறுக மடக்கினான்.

"கை நீட்டமாட்டேன்னுதான் மாதாகிட்ட நேந்திருக்கேன். மடக்கமாட்டேன்னு நேரலயே. இப்படியே புடிச்சா எட்டுப் பாகத்துல அவனுக்குக் காத்து கெடையாது. கொல்லணும்னுதான் போனேன் டீச்சர். சாகப்போறவனுக்கு ஒரு பரலோக மந்திரமாவது சொல்லுவோம்னு ஆரம்பிச்சேன். அன்றாட உணவு வரும்போது இடுப்புக் கயிறு இழுபட்டுச்சு. கீழ கெடந்து துடிக்கான். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்தத் தட்டுல கெடந்த புள்ளையத்தான் நெனச்சேன்."

"மன்னிக்கிற வரி?" என்று கேட்டேன்.

"அது வாயில வரல. விட்டுட்டேன். அதுக்கு அடுத்த வரி வந்துச்சு. சோதனையில் விழவிடாதேயும். சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சு, நான் விழுந்து கெடக்கேன்னு. பாதிக் கெணத்துல கெடந்துக்கிட்டு விழவிடாதேயும்னு கத்துத மாதிரி. கை தானா விட்டுருச்சு. கயித்தப் புடிச்சு இழுத்தேன். மேல வந்தான். மூக்குலயும் வாயிலயும் ரத்தம். பலகையில கெடந்து வாந்தி எடுத்தான். என்னைப் பாத்தான். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன சொன்ன?"

"இன்னைக்கு விட்டுட்டேன், நாளைக்கு விடுவேனான்னு எனக்கே தெரியாது. அதனால உனக்கு நான் இனி ஓஸ் புடிக்கமாட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அதைக் கேட்ட பிறகும் என் வாய் அடங்கவில்லை. "சரிலே, ஆனா மன்னிக்கச் சொல்லித்தானே ஆண்டவர்..." என்று இழுத்தேன்.

"மந்திரம் அங்கனயே முடிஞ்சிருதா டீச்சர்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "அதுக்குப் பெறகு ரெண்டு வரி இருக்குலா? நீங்க அந்த ஒத்த வரியிலயே நின்னுட்டீங்க. சோதனையில விழவிடாதேன்னு சொல்லிட்டு, நான் தெனமும் அவன் மூச்ச கையில வச்சிக்கிட்டு ஒக்காந்தா என்ன அர்த்தம்? நான் அந்த எடத்துலயே இருக்கக்கூடாது. அவளும் அவன் கை எட்டுத எடத்துல இருக்கக்கூடாது. கடைசி வரி, தீமையிலிருந்து விடுவித்தருளும்னு சொல்லுதோம். ஆண்டவர் ஆட்டோ புடிச்சா வருவாரு? நான்தான் புடிச்சேன். எம்பது ரூவா கேட்டான்."

நான் பைபிளைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். எனக்கு ஓர் அண்ணன் இல்லாமல் போனானே என்று அழுதேன்.

ரெமி ஓஸ் பிடிப்பதை விட்ட செய்தி இரண்டே நாளில் கரை முழுக்கப் பரவியது. அவன் வேறு யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சொந்த மச்சானே பிடிக்கமாட்டேன் என்று கைவிட்ட ஆளுக்கு இன்னொருவன் பிடிக்கமாட்டான். அப்படியென்றால் ரெமி தங்கச்சிக்குக் கிங்ஸ்டன் செய்தது என்னவென்று எல்லோருக்கும் விளங்கிவிடும். நாங்கள் ஒரு வருஷமாக வாயால் சொல்லாததை ரெமி ஒரு வேலையை விட்டுச் சொல்லிவிட்டான். கிங்ஸ்டன் பத்துப் பேரிடம் கேட்டான், கூலி கூட்டிக் கேட்டான். ஒருவனும் வரவில்லை. வள்ளம் கரையிலேயே கிடந்தது. அவன் குடித்துவிட்டு, அண்ணன் தங்கச்சி இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று தெருவில் கத்திக்கொண்டு திரிந்தான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தை நான் ரெமி வீட்டில் வைத்தேன். முறை வேறொருத்தருடையது. நான் மாற்றினேன். அந்தக் கடைசி இரண்டு வரிக்கு நான் இன்னும் பொருள் சொல்லியிருக்கவில்லை. என் தப்பை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இருபத்தாறு பெண்கள், ரெமி தவிர நாலு ஆண்கள். இசபெல்லா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குசினியில் பெரிய பாத்திரத்தில் உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.

நான் வாய் திறக்கவில்லை, அதற்குள் கிங்ஸ்டன் வந்துவிட்டான். கையில் அரிவாள்.

"ஏளா, வெளிய வா! எம் பொண்டாட்டி, நான் இழுத்துட்டுப் போவேன், எவன் கேப்பான்?"

ரெமி எழுந்து போய் வாசலில் நின்றான். இரண்டு பக்க நிலையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நேர்ச்சை ஞாபகம் இருந்திருக்கிறது. அடிக்கக் கையை எடுத்துவிடக்கூடாது என்றே நிலையைப் பிடித்தேன் என்று பிற்பாடு சொன்னான்.

"வழிய விடுலே!"

"விடமாட்டேன் மச்சான்."

முதல் வெட்டு தோளில் விழுந்தது. சட்டை கிழிந்து சதை வாய் திறந்தது தெரிந்தது. ரெமி அசையவில்லை. இரண்டாவது வெட்டு முழங்கையில். பெண்கள் அலறினார்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டினார்கள். ஆண்கள் நாலு பேரும் எழுந்தார்கள், ஆனால் வாசல் ஒன்றுதான், அதை ரெமி அடைத்துக்கொண்டு நின்றான். "கைய எடுலே, எடு!" என்று கத்திக்கொண்டே கிங்ஸ்டன் நிலையைப் பிடித்திருந்த வலது கை மேல் ஓங்கி வெட்டினான். மூன்று விரல்கள் போயின. ஒன்று வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே விழுந்தது. நிலையில் ரத்தம் வழிந்தது. அப்போதும் ரெமி மிச்சமிருந்த இரண்டு விரலால் நிலையைப் பற்றிக்கொண்டுதான் நின்றான்.

நான் எப்போது எழுந்தேன், எப்போது குசினிக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது. கொதிக்கிற காப்பிப் பாத்திரம் என் கையில் இருந்தது. ரெமியின் கக்கத்துக்குக் கீழே குனிந்து, அப்படியே கிங்ஸ்டன் முகத்திலும் கழுத்திலும் ஊற்றினேன். கருப்பட்டி ஒட்டிக்கொண்டு எரியும், லேசில் விடாது. அவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஊளையிட்டுக்கொண்டு தெருவில் புரண்டான். அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து அவனை மிதித்து, கயிற்றால் கட்டிப் போலீஸில் கொடுத்தார்கள்.

அதற்காகக் கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வருத்தப்படுகிறீர்களா அம்மா என்று சாமியார் கேட்டார். முப்பது பேருக்கும் காப்பி இல்லாமல் போனதற்கு வருத்தப்படுகிறேன் சாமி என்றேன். அவர் ஒரு செபமாலை முழுக்கச் சொல்லச் சொன்னார்.

விரல்களை ஐஸில் போட்டுத்தான் கொண்டுபோனோம். ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கையால் இனி ஓஸ் பிடிக்க முடியாது, வலை இழுக்க முடியாது. ரெமி கொஞ்ச நாள் வீட்டில் கிடந்தான். பிறகு துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. "வாசல்ல நிக்கதுல எனக்கு அனுபவம் இருக்குன்னு சொன்னேன், எடுத்துக்கிட்டாங்க" என்று சிரித்தான். இசபெல்லா என்னிடம் தையல் கற்றுக்கொண்டாள். இப்போது மில்லர்புரத்தில் ஒரு கடையில் பிளவுஸ் தைக்கிறாள். ரவிக்கை கழுத்து வெட்டுவதில் என்னை மிஞ்சிவிட்டாள். கிங்ஸ்டன் எட்டு வருஷம் உள்ளே இருந்தான், வெளியே வந்தும் கொஞ்ச காலம் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை.

இந்த வருஷங்கள் முழுக்க ஞாயிறுதோறும் அவள் அந்த ஒரு வரியில் வாயை மூடுவாள், அவன் அடுத்த வரியில் கத்துவான். நான் இசபெல்லாவிடம் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வரியை அவள் வாயில் வலுக்கட்டாயமாக ஊட்டியவள் நான். அது அவளுக்குத் திரும்ப எப்போது இறங்குமோ அப்போது இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன தவக்காலத்தில் கிங்ஸ்டன் ஊருக்குத் திரும்பி வந்திருந்தான். குடியை விட்டுவிட்டான், சிறையில் பைபிள் வகுப்பு முடித்திருக்கிறான், பெண்டாட்டியோடு சேர்ந்து வாழ ஆசைப்படுகிறான் என்று பெரியவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். தவக்காலம் ஆயிற்றே, மன்னிக்கிற காலம், டீச்சர் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்றார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த அதே ஆட்கள், முடி மட்டும் நரைத்திருந்தது.

"நான் சொன்ன வார்த்தைக்கு ஒரு புள்ளையும் மூணு வெரலும் போயாச்சு. இனி சொல்லுததுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல," என்றேன்.

அவர்கள் என்னை விட்டுவிட்டு அவனையே நேராக அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிறு கூட்டம் ரெமி வீட்டில். செபம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே நிழல் தெரிந்தது. கிங்ஸ்டன் தெருவில், வாசல்படிக்குக் கீழே நின்றான். ஆள் மெலிந்துபோயிருந்தான். கழுத்தில் நான் ஊற்றிய காப்பியின் தழும்பு சுருங்கிக் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லை, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"இசபெல், மன்னிச்சுரு. தப்புதான். எல்லாம் என் தப்புதான்," என்றான். முதல்முறையாகக் கேட்டான். அழுதான். அது நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ரெமி எழுந்து வாசலுக்குப் போனான். பழைய மாதிரி நிலையைப் பிடிக்கப் போனவனை, "அண்ணே, தள்ளு" என்று இசபெல்லா சொன்னாள். அவள் எழுந்து வந்திருந்தாள். ரெமி தங்கச்சி முகத்தைப் பார்த்தான். தள்ளி நின்றான்.

போகப் போகிறாளோ என்று பயந்தேன். ஒரு பெண் அழுகைக்கு இரங்குவது எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறார்.

இசபெல்லா வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். அவன் ஒரு படி ஏறினான். அவள் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். மேல் தாழ்ப்பாளை எட்டிப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளைக் குனிந்து போட்டாள். திரும்பி வந்து என் பக்கத்தில் தன் இடத்தில் நின்றாள்.

"டீச்சர், மந்திரம் சொல்லுவோமா?" என்றாள்.

எல்லோரும் எழுந்தோம். வெளியே அவன் நிற்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே சொல்வது தெருவுக்குக் கேட்கும் என்பதும் தெரியும். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று ஆரம்பித்தோம். மன்னிக்கிற வரி வந்ததும் நான் பழக்கத்தில் குரலைத் தணித்தேன். அவள் வாயை மூடுவதைப் பார்க்கக்கூடாது என்று கண்ணையும் தாழ்த்திக்கொண்டேன்.

பக்கத்தில் இசபெல்லாவின் குரல் கேட்டது. "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல." கதவைப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பத்து வருஷமாக அந்த இடத்தில் நான் கேட்காத குரல்.

அடுத்த வரியை ரெமி கத்தவில்லை. அழுதுகொண்டிருந்தான். அந்த ஒரு நாள் மட்டும் அதை நாங்கள் அவனுக்காகக் கத்தினோம்.